சோதனைத் தாளில் இரண்டு கையெழுத்து

மார்ச் 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போட்டுப் பார்த்தேன், கை ஓடவில்லை. அதனால் வெறும் தம்பிக்கு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுப்பதில்லை என்பது ஒரு காரணம். எடுத்தாலும் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதை அமுக்கிவிட்டுப் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வக்கீலும் அதையேதான் சொன்னார். "போன்ல ஒரு வார்த்தை பேசாதீங்கம்மா. நாளைக்கு அதையே கோர்ட்ல போட்டுக் காட்டுவாங்க." கடிதம் என்றால் நான் எழுதியது என்னவென்று எனக்குத் தெரியும். இதற்கு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நீயும் எடுத்துக்கொள், எதற்கும் இருக்கட்டும்.

உன் அத்தானுக்குக் கால் போய் ஐந்து மாதம் ஆகிறது. பதினொரு வருஷம் அவரும் நீயும் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போய் லிஃப்ட் லிஃப்ட்டாகப் பழுது பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நீ வந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கும் உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்புறம் கம்பெனி உன்னை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டதாம். அதை எனக்குச் சொன்னது உங்கள் கிடங்குக்காரர், நீ இல்லை.

போன வாரம் ஓர் ஆள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையில் நான்கு பேனா, கையில் ஒரு பைல். உன் அத்தானுடைய கையெழுத்து மாதிரி பத்து வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், "ஒரு பார்மாலிட்டிதான்" என்றான். அவரும் பேனாவை வாங்கிவிட்டார். நான் பிடுங்கி அவனிடமே கொடுத்து, வந்த வழியைக் காட்டினேன். அவனை அனுப்பியது நீயா? நேராகச் சொல்.

நடந்தது எங்களுக்குத் தெரிந்தவரை இதுதான். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் மேலே இருப்பவன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்தேன் என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் உன் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அவர் குழிக்குள் நிற்கும்போது லிஃப்ட் இறங்கியது. இழப்பீட்டு வழக்கில் நீ வந்து கூண்டில் ஏறி, 'அணைக்காமலே அணைத்ததாகப் போட்டேன்' என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 12

மரியாதைக்குரிய சகோதரிக்கு,

தங்களது 4ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். மேற்படி சம்பவம் குறித்து என் மீது கிரிமினல் வழக்கு நிலுவையில் உள்ளபடியால், அது குறித்து எழுத்து மூலமாகவோ வாய் மூலமாகவோ எதையும் தெரிவிக்கும் நிலையில் நான் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படும் நபரை நான் அனுப்பவில்லை. கம்பெனி அனுப்பியிருக்கலாம். எங்கள் இருவரில் யார் மாட்டினாலும் கம்பெனிக்குச் சரிதான்.

தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி தங்கள் வக்கீல் சொல்லச் சொல்ல எழுதியது போல் உள்ளது. 'உள்ளதைச் சொல்ல வேண்டும்' என்று கேட்டுவிட்டு, உள்ளது என்ன என்பதையும் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் 'ஆமாம் அக்கா' என்று ஒரு வரி பதில் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். உறையை ஒட்டிய பசை இரண்டு நிறமாக இருந்தது. ஒரு முறை ஒட்டி, யாரிடமோ காட்டுவதற்காகப் பிரித்து, மறுபடி ஒட்டினீர்களா?

இந்த வழக்கு ஜனவரி வரைக்கும் அபராதத்தோடு முடியும் என்றுதான் என் வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மாநில உயர் நீதிமன்றம் யாரோ ஒரு கிரேன் ஓட்டுநருடைய வழக்கில் தீர்ப்புக் கொடுத்துவிட்டது. பாதுகாப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் அது கைப்பிசகு இல்லை, தெரிந்தே செய்த அலட்சியம், சிறைத் தண்டனை உண்டு என்று. அந்தக் கிரேன்காரனை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் வழக்கு இப்போது என் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத் தண்டனை ஆனால் என் பெண் பட்டாணி எனக்கு இல்லை. அவள் அம்மா குடும்ப நீதிமன்றத்தில் அதற்குத்தான் காத்திருக்கிறாள். இப்போது பட்டாணி சனி, ஞாயிறு இரண்டு நாள் என்னிடம் வருகிறாள். ஏழு வயது முடிந்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சகோதரன்


மார்ச் 17

தம்பிக்கு,

எப்போதிருந்து நான் உனக்கு 'தாங்கள்' ஆனேன்? 'கிடைக்கப்பெற்றேன்' என்று எழுதினாயே, பேனா உடையவில்லையா? நான் பதினாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். யார் வாக்கியம் யாருடையது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். முதல் பத்தி உன் வக்கீலுடையது. பசையைப் பற்றிய வரி உன்னுடையது, அந்தப் புத்தி வேறு யாருக்கும் வராது. கடைசிப் பத்தியும் உன்னுடையதுதான். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

பசைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பசை காய்ந்துபோயிருந்தது. பாதியை அச்சகத்தில் வந்து ஒட்டினேன். நம்பினால் நம்பு.

அந்தக் கிரேன் தீர்ப்பை நீ உன் வக்கீல் வாயால் கேட்டிருக்கிறாய், நான் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறேன். மறந்துவிட்டாயா, எங்கள் அச்சகம்தான் வாராவாரம் தீர்ப்புத் தொகுப்பு போடுகிறது. ஜனவரியில் அந்தத் தீர்ப்பின் மெய்ப்பு என் மேசைக்குத்தான் வந்தது. முப்பத்தொரு பக்கம். உன் வக்கீல் உனக்கு இருபத்திரண்டாம் பத்தியைச் சொல்லியிருக்கிறார். இருபத்தாறாம் பத்தியைச் சொல்லவில்லை, அல்லது நீ எனக்குச் சொல்லவில்லை.

இருபத்தாறு என்ன சொல்கிறது தெரியுமா? அடிபட்டவனே அந்தத் தாளில் பொய்யான பதிவுக்குக் காரணமாக இருந்தால், அவனுக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டில் பாதி வரை வெட்டலாம். ஒரே தீர்ப்புதான். ஒரு பத்தியை வைத்துக்கொண்டு உன்னை உள்ளே தள்ளலாம், இன்னொரு பத்தியை வைத்துக்கொண்டு எங்கள் சோற்றில் கை வைக்கலாம். அந்தப் பேனாக்காரன் எதற்கு அவருடைய கையெழுத்தைக் கேட்டு வந்தான் என்று இப்போது புரிகிறதா? தாளில் இருப்பது உன் கையெழுத்து இல்லை, அவர் போட்டது என்று காட்டப் பார்க்கிறார்கள். கம்பெனி மட்டும்தான் அப்படிப் பார்க்கிறதா, நீயும் அவர்களோடு சேர்ந்தா என்பதுதான் என் கேள்வி.

பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பும் என் மேசைக்கு வந்தது. அது குடும்ப வழக்கு. கிரிமினல் வழக்கு நடக்கிறது என்பதற்காக மட்டும் பிள்ளையை அப்பனிடமிருந்து பிரிக்கக் கூடாது, தண்டனை ஆகிவிட்டால் புதிதாகப் பார்க்கலாம் என்று. பட்டாணி ஞாபகம் வந்தது. உனக்கு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. கோபம்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

ஜனவரியிலேயே உனக்குத் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்திரண்டாம் பத்தியைப் படிக்கும்போது நான் ஞாபகத்துக்கு வந்தேனா இல்லையா? வந்திருப்பேன். அதன் பிறகும் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்திருக்கிறாய்.

இந்தக் கடிதம் வக்கீலுக்குத் தெரியாமல் எழுதுவது. நீ இதைக் கொண்டுபோய் எங்கே கொடுத்தாலும் சரி, எனக்கு அலுத்துவிட்டது.

அந்தக் கையெழுத்து நான் போட்டதில்லை.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மெஷின் ரூம் மொட்டை மாடியில். குழி கீழே தரைக்கு அடியில். தாள் ஒன்றுதான், கையெழுத்து இரண்டு. விதிப்படி என்றால் மேலே ஒருத்தன் அணைத்துவிட்டுப் பத்து மாடி இறங்கி வந்து போட வேண்டும், அப்புறம் மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு கட்டிடம். எவன் இறங்கி ஏறுவான்? அதனால் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர் இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுவார். அத்தானுடையதை நான் போடுவேன், என்னுடையதை அவர் போடுவார். பதினொரு வருஷப் பழக்கம். என் கையெழுத்து என்னைவிட அவருக்கு அழகாக வரும். ஒரு தடவை கிளை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இந்த மாசம் கையெழுத்து நல்லா போட்டிருக்கே" என்றார். நானும் அத்தானும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நான் மேலே போய் மெஷின் ரூம் பூட்டைத் திறக்கவே நேரமாகிவிட்டது. உள்ளே போனதும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அணைக்கலாம் என்று நினைத்தேன். நான் மெயினை அணைத்துப் போன் செய்தால்தான் அவர் தாளில் போடுவார், போட்ட பிறகுதான் இறங்குவார். அதுதான் எங்கள் வழக்கம். நான் போன் செய்யவில்லை, அதனால் அவர் குழிக்கு வெளியே நிற்கிறார் என்று நினைத்தேன். ஓட்டினேன். அப்புறம் சத்தம் கேட்டது.

என் தப்பு ஒன்று இருக்கிறது. ஓட்டுவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டி உள்ளே வர முடியாமல் போனது அதனால்தான். அது வேறு. கையெழுத்து வேறு.

கையெழுத்து நிபுணரிடம் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனி கொடுத்தது என் பழைய சோதனைத் தாள்களை. அதில் பாதி அத்தான் போட்டது. அப்புறம் நிபுணர் என்ன சொல்வார்? எல்லாம் ஒரே கை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பழக்கத்தைச் சொல்லலாம் என்றால், பதினொரு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டதாக இருவர் மேலும் இன்னொரு வழக்கு வரும் என்கிறார் என் வக்கீல்.

எனக்குக் காட்டியது ஜெராக்ஸ், எல்லாம் ஒரே கறுப்பு. மூலத் தாள் இழப்பீட்டு வழக்குக் கட்டில் இருக்கிறது. உங்கள் வக்கீல் மூலம் நீ பார்க்கலாம். எங்கள் இரண்டு பேர் கையும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பார்த்துவிட்டுச் சொல். நீ என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்கிறேன்.

இல்லை, அத்தானும் நீயும் சேர்ந்துதான் என்னை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடு. தெரிந்துகொண்டால் போதும்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

மூலத் தாளைப் பார்த்தேன். கோர்ட் பதிவறையில் அரை மணி நேரம், குமாஸ்தா பக்கத்திலேயே நின்றார். பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தேன்.

உன் கையெழுத்துதான்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. உன் அத்தானுக்கு அன்றைய நாளே ஞாபகம் இல்லை என்கிறார். வெயில் தலைக்கேறுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

அப்புறம் யோசித்தேன். நீ எழுத்து விஷயத்தில் தப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் மூன்று பேர் பார்த்த பிறகும் நான்கு பிழை கண்டுபிடித்தவள் நீ. என் ஞாபகம் எம்மாத்திரம்? அன்று காலையிலேயே இரண்டு கட்டிடம் முடித்துவிட்டு மூன்றாவதற்குப் போனோம். மூன்று தாளும் ஒரே அட்டையில் கிளிப் போட்டு இருந்தன. காரில் உட்கார்ந்திருக்கும்போது நான்தான் முன்கூட்டியே மூன்றிலும் போட்டுவிட்டேனோ என்னவோ. அப்படியும் செய்திருக்கிறோம். போட்டுவிட்டு மறந்திருந்தால் அத்தான் தாளைப் பார்த்துத்தான் நம்பி இறங்கியிருப்பார். அப்படியென்றால் அவர் காலை வாங்கியது நான்தான்.

இரண்டு நாளாக இது மண்டையில் ஓடுகிறது. இப்போது கையெழுத்துப் போட்டது எனக்கு ஞாபகம் இருப்பது போலவே இருக்கிறது. பேனா நீல நிறம் என்றுகூடத் தோன்றுகிறது.

மே 6 கிரிமினல் கோர்ட்டில் வாய்தா. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். கிரேன் தீர்ப்பு வந்த பிறகு ஒப்புக்கொண்டால் ஒரு வருஷத்துக்குக் குறையாது என்கிறார். பரவாயில்லை. நான் ஒப்புக்கொண்டால் அத்தானுடைய இழப்பீட்டில் யாரும் கை வைக்க முடியாது இல்லையா? இருபத்தாறாம் பத்தி அவரைத் தொடாது.

பட்டாணி அம்மாவிடம் பேசிவிட்டேன். நான் எதிர்க்கப் போவதில்லை என்று சொன்னேன். பட்டாணியிடம், வெளியூரில் பெரிய லிஃப்ட் ஒன்று போடுகிறார்கள், வர நாளாகும் என்று சொல்லியிருக்கிறேன். "எத்தனை மாடிப்பா?" என்று கேட்டாள். வாயில் வந்த ஒரு எண்ணைச் சொன்னேன். அவ்வளவு பெரிய கட்டிடம் உலகத்திலேயே இல்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். உன்னைப் போலவேதான், தப்புக் கண்டுபிடிக்கிறாள்.

உன்மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள். பசைக்கும் சேர்த்து.

தம்பி


ஏப்ரல் 22
(பதிவுத் தபால்)

தம்பி,

ஒப்புக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் காட்டு, நகல் எடுக்கச் சொல், எங்கே வேண்டுமானாலும் கொடுக்கச் சொல்.

நான் பொய் சொன்னேன். அது உன் கையெழுத்து இல்லை.

நீ இடது கைக்காரன். கையெழுத்துக்குக் கீழே போடும் கோட்டை வலது பக்கத்திலிருந்து உன் பக்கம் இழுப்பாய். மை அங்கேதான் தடிப்பாகத் தொடங்கும், இடது ஓரத்தில் மெலிந்து முடியும். பள்ளிக்கூட நோட்டிலிருந்து உனக்கு அப்படித்தான். மூலத் தாளில் கோடு இடது பக்கம் தடிப்பாகத் தொடங்குகிறது, வலது பக்கம் மெலிகிறது. ஜெராக்ஸில் அது தெரியாது. கண்ணாடியை வைத்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. குமாஸ்தா, "என்னம்மா, ஆச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத காலைச் சொறிந்துகொண்டிருந்தார். அங்கே அரிக்கிறதாம். அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் இழப்பீட்டில் பாதி போகும், இந்த ஆளுக்கு மிச்ச வாழ்க்கை எப்படி? நீ உள்ளே போனாலும் ஒரு வருஷத்தில் வந்துவிடுவாய், அவர் கால் வராது. அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கணக்கில் பட்டாணியைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பேனா எழுதியிருக்காது என்று தெரிந்துதான் சேர்க்கவில்லை.

நீ கோபப்பட்டு எழுதுவாய், பொய்க்காரி என்பாய், சண்டை போடலாம் என்று நினைத்திருந்தேன். நீ நம்பிவிட்டாய். நீ செய்யாததை உனக்கு ஞாபகம் வரவைத்துவிட்டேன். நீலப் பேனா என்று எழுதியிருந்தாயே, தாளில் இருப்பது கறுப்பு மை. அந்த வரியைப் படித்ததும் அச்சகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன். என்ன பிழை என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அந்த இன்டிகேட்டர் விளக்கு அணைஞ்சிருந்துச்சு" என்றார். மாடி எண் காட்டுமே, அந்த விளக்கு. நீ மெயினை அணைத்துவிட்டாய் என்று நினைத்தாராம். உன் போனுக்காகக் காத்திருக்கவில்லை. உன் கையெழுத்தைப் போட்டார், தன் கையெழுத்தைப் போட்டார், இறங்கினார். அந்த விளக்கு ஏற்கெனவே பழுதாக இருந்திருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது மனுஷனுக்கு. "ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டேன். "நீயும்தான் சொல்லலை" என்றார்.

அப்புறம் பேனா கேட்டார். ஒரு தாளில் உன் கையெழுத்தைப் பத்து தடவை போட்டார். கோட்டைத் தவிர ஒரு வித்தியாசம் கிடையாது, நீயே போட்டது மாதிரி. பத்துக் கோடும் இடது பக்கம் தொடங்குகிறது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதை உன் வக்கீலிடம் கொடு. எங்கள் வக்கீலிடமும் சொல்லிவிட்டேன். "உங்க கேஸை நீங்களே குழி தோண்டிப் புதைச்சிட்டீங்கம்மா" என்று பைலை மூடினார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. வேறு வார்த்தை தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

தாள் கிடைத்தது. வக்கீலிடம் கொடுக்கவில்லை. என் பெட்டியில் இருக்கிறது.

பத்துக் கையெழுத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதை அத்தான்தான் போட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கும் என் கையெழுத்து தெரியும். எந்தப் பக்கம் தடிப்பு, எந்தப் பக்கம் மெலிவு என்று கண்டுபிடித்தவளே நீதான். நான் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றதும் மனது கேட்காமல் நீயே உட்கார்ந்து பத்தும் போட்டு, அத்தான் சொன்னதாக ஒரு கதையும் எழுதியிருக்கலாம். ஜனவரியில் ஒன்று மறைத்தாய். ஏப்ரல் 6ஆம் தேதி ஒன்று சொன்னாய். 22ஆம் தேதி வேறொன்று சொல்கிறாய். எந்தத் தேதியை நம்புவது?

நீ சொன்ன ஒரு வரியை நம்பி ஜெயிலுக்குக் கிளம்பினேன். பட்டாணி துணிமணியை மடித்து அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது நீ நல்லது சொல்கிறாய், அதை நம்ப எனக்குத் தெம்பு இல்லை. உனக்கு மன்னிப்பு வேண்டுமா வேண்டாமா என்று நீ கேட்கவும் இல்லை. கேட்டாலும் இப்போது என்னிடம் கிடையாது.

அத்தான் ஆறு மாதமாக எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் சொல்ல வேண்டியதை நீ ஏன் சொல்கிறாய்? அவர் வரட்டும். மே 6 என் முன்னால், நீதிபதி முன்னால் பேனாவைப் பிடித்துப் போடட்டும். வரவில்லை என்றால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தம்பி


மே 2
(பதிவுத் தபால்)

தம்பி,

நீ எழுதியதில் ஒன்றும் தப்பில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், எந்த வரியையும் விடவில்லை. "வர்றேன்னு எழுது" என்றார். இன்றைக்கே தையல்காரரைக் கூப்பிட்டு ஒரு பேன்ட்டின் வலது காலை மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டைவிட்டு அவர் வெளியே கிளம்புவது இதுதான் முதல் தடவை.

கோர்ட் இரண்டாம் மாடி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முப்பத்தெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம், கைப்பிடி ஒரு பக்கம்தான். லிஃப்ட் இருக்கிறது, ஓடுகிறது. அவர் ஏற மாட்டார். என்ன சொன்னாலும் ஏற மாட்டார். அவரை ஒரு பக்கம் நான் தாங்கிக்கொள்வேன், இன்னொரு பக்கத்துக்கு ஆள் இல்லை.

ஒன்பதரைக்கு வாசலில் நில். என்னோடு பேச வேண்டாம், அவரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அக்கா